கேள்வி–பதில்: பொறியியல் பேராசிரியர் விட்டுச்சென்ற பெட்டிகள்

பொறியியல் என்பது பட்டறையில் கற்கும் தொழில் என்ற நிலை மாறி, கல்லூரிப் பாடமாக வேர்பிடித்த காலத்தில் பாடம் நடத்திய பேராசிரியர்களின் சொந்தத் தாள்கள் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதம், குறிப்பேடு, வரைபடம், கண்ணாடிப் படம் என எல்லாம் கலந்து கிடக்கும் தொகுப்புகள் இவை. அதனால் பதில்களும் பல திசைகளில் போகும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய தாள்கள் மூன்று பெட்டி நிறைய இருக்கின்றன. காப்பகத்துக்குக் கொடுக்கும் முன் வகைபிரித்து அடுக்கிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கடிதம் ஒரு கட்டு, வரைபடம் ஒரு கட்டு, கணக்கு ஒரு கட்டு என்று பிரிக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். அப்படிப் பிரித்தால் தாள்கள் அப்படியே இருக்கும், தகவலில் பாதி போய்விடும். அந்தக் காலப் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஆலோசகர்களாகவும் இருந்தார்கள். ஒரு பாலத்தின் உறுதி பற்றிக் கேட்டு வந்த கடிதம், அதனுடன் வந்த வரைபடம், அவர் போட்ட கணக்கு, ஆய்வகத்தில் இரும்புத் துண்டை இழுத்துப் பார்த்த அளவீடு ஆகிய நான்கும் ஒரே உறையில் இருந்தால்தான் அந்தக் கணக்கு எந்தப் பாலத்துக்குப் போட்டது என்று தெரியும். கணக்குத் தாளில் பெரும்பாலும் தலைப்பே இருக்காது. அதற்குப் பக்கத்தில் கிடந்த கடிதம்தான் அதன் தலைப்பு.

காப்பகப் பணியின் இரண்டு அடிப்படை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. ஒருவருடைய தாள்களை மற்றவருடையவற்றோடு கலக்கக் கூடாது; அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. நெதர்லாந்தைச் சேர்ந்த முல்லர், ஃபைத், ஃப்ரௌன் என்ற மூவர் 1898-ல் வெளியிட்ட கையேட்டில் வகுத்துச் சொன்னவை, இன்றும் இவைதான் நடைமுறை.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு புகைப்படம் எடுங்கள். ஒவ்வோர் அடுக்கை எடுக்கும்போதும் இன்னொன்று எடுங்கள். பெட்டிக்கு எண் கொடுத்து, ஒவ்வோர் உறைக்கும் ‘பெட்டி 2, உறை 7’ என்பதுபோல் மெல்லிய பென்சிலால் குறியுங்கள். பேனா, ஸ்டிக்கர், செல்லோடேப் மூன்றும் கூடாது. பழைய உறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், அதன் மேல் அவர் எழுதியிருப்பதும் ஓர் ஆவணம்தான். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காதீர்கள். எவையெல்லாம் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன என்று குறித்துக்கொண்ட பிறகு காப்பகத்தார் எடுப்பார்கள். பூஞ்சை பிடித்த கட்டு இருந்தால் அதை மட்டும் தனியே ஒரு பெட்டியில் வைத்து, உலர்ந்த இடத்தில் ஒதுக்கிவிடுங்கள். அதைத் துடைப்பதும் தட்டுவதும் பூஞ்சைத் தூளை மற்றவற்றின் மேல் பரப்பும், உங்கள் மூச்சிலும் ஏற்றும்.

கேள்வி: உள்ளங்கை அளவுச் சீட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காலணி போன்ற வளைகோடு. இவை என்ன? எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?

இவை நீராவி எந்திரத்தின் இண்டிகேட்டர் சீட்டுகள். சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை எந்திரமே வரைந்து தந்த படம். ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-ல் தொடங்கிவைத்த முறை இது. தொடக்ககாலப் பொறியியல் ஆய்வகங்களில் மாணவர்களுக்கு இதுவே அன்றாடப் பயிற்சி.

ஒன்றைக்கூட எறியாதீர்கள். அதைவிட முக்கியம், அவை கிடந்த குறிப்பேட்டிலிருந்து பிரிக்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். வளைகோட்டின் பரப்பு 2.8 சதுர அங்குலம், நீளம் 3.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி உயரம் 0.8 அங்குலம். கருவியில் இருந்த சுருள்வில்லின் எண் 60 என்றால் (அங்குல உயரத்துக்குச் சதுர அங்குலத்தில் 60 பவுண்டு) சராசரி அழுத்தம் 48 பவுண்டு. சுருள்வில் எண் 40 என்றால் 32 பவுண்டுதான். 12 அங்குல விட்டமுள்ள சிலிண்டர், 2 அடி வீச்சு (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்), சீட்டு எடுத்த பக்கத்தில் நிமிடத்துக்கு 150 வேலை வீச்சு என்றால் முதல் கணக்கில் ஏறக்குறைய 49 குதிரைத்திறன் வரும், இரண்டாவதில் 33. சீட்டு ஒன்றே, விடை மட்டும் இப்படி மாறிவிடுகிறது. சுருள்வில்லின் எண் சில நேரம் சீட்டின் மூலையில் இருக்கும்; பல நேரம் குறிப்பேட்டில் அன்றைய தேதியின் கீழ் மட்டுமே இருக்கும். சிலிண்டர் விட்டமும் வீச்சும் ஏறக்குறைய எப்போதும் குறிப்பேட்டில்தான். சீட்டுகளை மட்டும் ஆல்பத்தில் ஒட்டி அழகுபடுத்தினால் மிஞ்சுவது வெறும் படம்.

கையாளும்போது ஓர் எச்சரிக்கை. சில சீட்டுகள் வழுவழுவென்று வெள்ளைப் பூச்சோடு இருக்கும். துத்தநாக வெள்ளை பூசிய தாளில் பித்தளை முனையால் கீறிய கோடு அது. பென்சில் என்று நினைத்து அழிப்பானால் சுற்றிலும் சுத்தம் செய்தால் பூச்சோடு கோடும் போய்விடும். ஈரத் துணியும் அதே சேதத்தைச் செய்யும்.

கேள்வி: நீல நிற வரைபடங்கள் சிலவற்றை அமிலமற்ற உறையில்தான் வைத்தோம். இருந்தும் ஓரங்கள் பழுப்பாகின்றன. ஏன்?

உறைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் ‘அமிலமற்றது’ என்று விற்கும் உறைகளில் பெரும்பாலானவை காரம் சேர்த்தவை. கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். சாதாரணக் கடிதத்துக்கு அது நல்லது, தாளில் ஊறும் அமிலத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ப்ளூபிரிண்ட் என்ற இந்த நீலப்படிக்கு அதுவே நஞ்சு. அதன் நீலம் புருஷிய நீலம் என்ற இரும்புச் சேர்மம். காரம் பட்டால் அது சிதைந்து, பழுப்பான இரும்பு ஹைட்ராக்சைடு மிஞ்சும். ஆகவே ‘காரம் சேர்க்காத, நடுநிலை’ என்று குறிப்பிட்ட உறையைக் கேட்டு வாங்குங்கள். பழுப்பானது திரும்பாது. ஆனால் வெளிச்சத்தால் வெளுத்த நீலம் ஓரளவு திரும்பும். இருட்டில், காற்றோட்டத்தோடு சில வாரங்கள் வைத்திருந்தால் வித்தியாசம் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நீலப்படியில் வெள்ளையாகக் கையால் எழுதிய திருத்தங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சோடாக் கரைசலில் பேனாவை நனைத்து, நீலத்தை வெளுக்கவைத்து எழுதுவது வரைவாளர்களின் வழக்கம். அப்படிப்பட்ட கோடு இருந்தால், அச்சான பிறகு வடிவமைப்பு மாறியிருக்கிறது. நீலப்படி எடுக்கப் பயன்பட்ட அசல் வரைபடமான ட்ரேசிங்கில் அந்த மாற்றம் இல்லாமலும் போகலாம். ஒரே வரைபடத்துக்கு நான்கு நீலப்படி இருந்தால் மூன்றை ‘மிகை’ என்று கழிப்பதற்கு முன் இதைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லா நீலக் கோடும் ப்ளூபிரிண்ட் இல்லை. நீலப் பின்புலத்தில் வெள்ளைக் கோடு, பின்பக்கம் வெறும் தாள் என்றால் ப்ளூபிரிண்ட். வெளிறிய பின்புலத்தில் நீலமோ கறுப்போ பழுப்போ கோடாக இருந்து, பின்புலத்தில் லேசான திட்டுத் திட்டான நிறம் தெரிந்தால் பெரும்பாலும் டயசோ. அது 1920-களுக்குப் பிறகு பரவியது, அம்மோனியாவால் உருவேற்றுவது. டயசோவிலிருந்து கசியும் ஆவி பக்கத்தில் உள்ள மற்றப் படிகளைக் கறைப்படுத்தும். வான்டைக் பிரிண்ட் எனப்படும் பழுப்புப் பின்புலப் படிகளும் அப்படித்தான். மூன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள். எது எந்த உறையிலிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் பழைய இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று: நீலப்படியில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அதைத் தண்ணீரில் அலசித்தான் தயாரித்தார்கள். உலரும்போது தாள் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் சுருங்கியிருக்கும். எழுதியுள்ள அளவை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: வெங்காயத் தோல் போல மெல்லிய தாள்கள் தைத்த தடிப் புத்தகம். எழுத்து மங்கலாக, சில பக்கங்களில் தலைகீழாகக் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கிறது. எப்படிப் படிப்பது?

அது அவர் அனுப்பிய கடிதங்களின் நகல் புத்தகம். 1780-ல் வாட் காப்புரிமை பெற்ற முறை. ஈரமான மெல்லிய தாளை அசல் கடிதத்தின் மேல் வைத்து அழுத்தினால் மை அதன் பின்பக்கத்தில் தலைமாறி ஒட்டும், தாள் மெல்லியது என்பதால் முன்பக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். நீங்கள் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள். படிக்கும்போதும் படம் எடுக்கும்போதும் ஒவ்வோர் இதழின் பின்னாலும் ஒரு வெள்ளைத் தாளைச் செருகுங்கள், அடுத்த பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாது. வெள்ளைத் தாளை மெதுவாகச் செருக வேண்டும். மெல்லிய இதழ் தைத்த இடத்தில் சட்டென்று கிழியும்.

முன்பக்கம் பெரும்பாலும் பெயர் அகரவரிசை இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். இதில் போன கடிதங்கள் மட்டுமே உண்டு, வந்தவை வேறு உறைகளில். தேதியை வைத்து இரண்டையும் இணைத்து ஒரு பட்டியல் போட்டால், அந்தத் தொகுப்பில் வேறு எந்த வேலையாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

மையில் அனிலின் சாயம் இருக்கும். ஒரு துளி நீர் பட்டாலும் ஊதா நிறம் பரவும். அதே சாயம் காப்பியிங் பென்சிலிலும் உண்டு. சாதாரணக் கரும்பென்சில்போல் தோன்றும், ஈரம் கண்டால் ஊதாவாகும். அதனால் சுருண்ட தாளை ஈரக்காற்றில் வைத்து நிமிர்த்தும் முறையை இந்தத் தாள்களில் முயலவே கூடாது. இரும்பு மையால் எழுதிய பழைய குறிப்பேடுகளுக்கும் அதே தடை. எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் தெரிந்தால் அமிலமும் இரும்பும் தாளை அரிக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள், ஈரம் அதை வேகப்படுத்தும்.

கேள்வி: துணியில் வரைந்த படங்களும் இருக்கின்றன. துவைக்கலாமா?

கூடாது. ட்ரேசிங் துணியின் பளபளப்பு, கஞ்சி ஏற்றி அழுத்தியதால் வந்தது. நனைந்தால் கஞ்சி கரைந்து வெறும் பருத்தித் துணி ஆகிவிடும், மையும் அதோடு போகும். விரித்துத் தட்டையாக வையுங்கள். அவ்வளவு பெரிய அலமாரி இல்லையென்றால் குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் வெளிப்புறத்தில் சுற்றி, மேலே ஒரு தாளால் மூடுங்கள். குழாய்க்குள் திணிக்கக் கூடாது. வெளியே இழுக்கும்போதுதான் ஓரங்கள் கிழிகின்றன.

கேள்வி: பெட்டியில் ஒரு ஸ்லைடு ரூலும், சில பிலிம் நெகடிவும், கண்ணாடிப் படங்களும் உள்ளன. இவற்றையும் தாள்களோடு வைக்கலாமா?

பிலிமைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1889 முதல் 1950-களின் தொடக்கம் வரை பல பிலிம்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. ஓரத்தில் ‘நைட்ரேட்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கலாம். மஞ்சளாகி, ஒட்டிக்கொண்டு, மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் சிதைவு முற்றிவிட்டது. சிதைந்த நைட்ரேட் சுருள் வெறும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே தானாகத் தீப்பற்றியதுண்டு. பற்றினால் தண்ணீரால்கூட அணைக்க முடியாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. துண்டை வெட்டி எரித்துப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தாள்களிலிருந்து பிரித்து, இறுக்கமாக மூடாத உறையில், குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு உடனே காப்பகத்தாரிடம் சொல்லுங்கள். காடி நெடி வந்தால் அது அசிட்டேட் என்ற வேறு வகைப் பிலிம். தீ ஆபத்து இல்லை, ஆனால் அதையும் தனியே வைக்க வேண்டும்.

கணக்குப் போடப் பயன்பட்ட நகரும் அளவுகோலான ஸ்லைடு ரூலின் வெள்ளை முகப்பும் அதே செல்லுலாய்டு குடும்பம்தான். மரத்தின் மேல் ஒட்டிய அந்தத் தகட்டிலிருந்து வரும் ஆவி, பக்கத்தில் உள்ள தாளைப் பழுப்பாக்கும், உலோகத்தை அரிக்கும். படம் எடுத்து, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று எழுதி, காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் முத்திரையிட்டால் ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவு கூடும்.

கண்ணாடிப் படங்கள் வகுப்பில் விளக்கால் சுவரில் காட்டியவை. பிரிட்டன் வகை 3¼ அங்குலச் சதுரம், அமெரிக்க வகை 3¼க்கு 4 அங்குலம். படம் நேராகத் தெரியும்படி கையில் பிடித்தால் இடது கீழ் மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். கருவிக்குள் தலைகீழாகப் போடும்போது வலது கட்டைவிரல் அந்த இடத்தில் விழும். எண்கள் ஒட்டியிருந்தால் அந்த வரிசைதான் பாடத்தின் வரிசை. எழுதிய பாடக்குறிப்பு கிடைக்காமலே போனாலும், அந்த வரிசையிலிருந்து அவர் என்ன பாடம் நடத்தினார் என்று மீட்கலாம். நீளமான விளிம்பில் நிற்கவைத்து அடுக்குங்கள். உடைந்தவற்றை மட்டும் படுக்கவையுங்கள்.

கேள்வி: தேதி இல்லாத குறிப்பேட்டின் காலத்தை உள்ளடக்கத்திலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். வெப்பவியல் கணக்கு இருந்தால் வெப்பத்தின் எந்திரவியல் ஈடு (ஓர் அலகு வெப்பத்துக்குச் சமமான வேலையின் அளவு) என்ன என்று பாருங்கள். இயற்பியலாளர் ஜூல் 1850-ல் தந்த 772 அடி-பவுண்டு பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ரோலண்டின் அளவீடு 1880-ல் வந்த பிறகு 778 பரவியது. 778 என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் 1880-க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். 772 என்றிருந்தால் அது முந்தியது என்று சொல்ல முடியாது, பழைய பாடநூலைப் பார்த்து எழுதியவர்கள் பின்னரும் உண்டு. ஃபாரன்ஹீட்டிலிருந்து தனிவெப்பநிலைக்கு 461 கூட்டியிருப்பதும் பழைய பழக்கத்தின் அடையாளம். இன்றைய மதிப்பு 459.67.

அலகுகளில் ஏமாறுவதுதான் பெரிய ஆபத்து. ‘சதுர அங்குலத்துக்கு 28 டன்’ என்ற எஃகின் வலிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 2240 பவுண்டு கொண்ட பிரிட்டிஷ் டன் என்றால் 432 மெகாபாஸ்கல், 2000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன் என்றால் 386. கேலனிலும் அப்படியே, 4.546 லிட்டர் ஒன்று, 3.785 லிட்டர் மற்றொன்று. குதிரைத்திறன் பிரிட்டிஷ் கணக்கில் 745.7 வாட், மெட்ரிக் கணக்கில் 735.5. பேராசிரியர் ஒரு நாட்டில் படித்து இன்னொரு நாட்டில் பணியாற்றியவர் என்றால் இரண்டும் ஒரே குறிப்பேட்டில் வரக்கூடும். பட்டியலிடுபவர் மாற்றி எழுதாமல் மூல அலகையே எழுத வேண்டும். மாற்றுவது படிப்பவர் வேலை.

கேள்வி: காப்பகப் பட்டியலில் ‘5 மீட்டர்’ என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு தாள்?

அது அலமாரியில் பெட்டிகள் பிடிக்கும் நீளம். வழக்கமான பெட்டி 12.7 செ.மீ. அகலம், மீட்டருக்கு ஏறக்குறைய எட்டு. முழுதாக நிரம்பிய பெட்டியில் ஆயிரம் தாள்வரை பிடிக்கும். ஆக 5 மீட்டர் என்றால் 40 பெட்டி, அதிகபட்சம் 40,000 தாள். எல்லாவற்றையும் புரட்ட நினைக்காதீர்கள். தொகுப்பின் அமைப்பு பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். தேடுவது ஒரு பாலம் என்றால் ‘வரைபடங்கள்’ வரிசையோடு நிற்காமல், அதே ஆண்டின் கடித வரிசையையும் குறிப்பேடுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் அசலை எறியலாமா? என்ன தரத்தில் எடுக்க வேண்டும்?

எறியக் கூடாது. பின்பக்கத்து எழுத்து, நீர்க்குறி, குண்டூசித் துளை, மையின் தன்மை எதுவும் ஸ்கேனில் முழுதாக வராது.

கடிதத்துக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி, பெரிய வரைபடத்துக்கு 300 போதும். ஏ0 அளவு வரைபடம் ஒன்று 300-ல் எடுத்தால் 9933க்கு 14043 புள்ளி. வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக ஏறக்குறைய 420 மெகாபைட். ஆயிரம் வரைபடத்துக்கு 420 கிகாபைட் என்று சேமிப்பிடத்தை முன்பே கணக்கிடுங்கள். நீலப்படியைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்காதீர்கள். சோடாத் திருத்தமும் அச்சுக் கோடும் அப்புறம் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலும் வண்ணப் பட்டையும் தெரியட்டும். கோப்பின் பெயர் பெட்டி எண், உறை எண், தாள் எண் என்ற வரிசையில் இருக்கட்டும். ‘பாலம்_நல்லபடம்’ என்று வைத்தால் பத்தாண்டுக்குப் பின் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: மாணவர்களின் மதிப்பெண் ஏடும், பிறர் அவருக்கு எழுதிய கடிதங்களும் உள்ளன. வெளியிடலாமா?

இரண்டும் வேறு வேறு சிக்கல். கடிதத் தாள் உங்களுடையது, அதன் வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு அது நீடிக்கும், பல நாடுகளில் 70. வெளியிடப்படாத கடிதங்களுக்குச் சில நாடுகளில் தனிக் கணக்கும் உண்டு. பிரிட்டனில் சில பழைய கடிதங்கள்கூட 2039 முடியும்வரை காப்பில் உள்ளன. காப்பகத்தில் வைப்பதற்கும், அங்கே போய்ப் படிப்பதற்கும் இது தடையில்லை. வெளியிடும்போதுதான் அனுமதி வேண்டும்.

மதிப்பெண், நடத்தை பற்றிய குறிப்பு, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றில் இருப்பவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இன்றும் உயிரோடு இருக்கலாம். அவற்றைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. தனி உறையில் இட்டு, எந்த ஆண்டுவரை மூடியிருக்க வேண்டும் என்று காப்பகத்தோடு செய்யும் நன்கொடை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘குடும்பம் அனுமதிக்கும்வரை’ என்று எழுதாமல் ஓர் ஆண்டைக் குறிப்பிடுங்கள். அனுமதி தர யாரைக் கேட்பது என்று இரண்டு தலைமுறைக்குப் பின் தெரியாமல் போய், அந்த உறை திறக்கப்படாமலே கிடந்துவிடும்.